எல்லாரும் ‘தைரியமாக இரு’ என்கிறார்கள். நான் யாரிடம் பேசுவது?

வாசகர் கேள்வி – உளவியல் ஆலோசகர் பதில்

மார்பகப் புற்றுநோயைத் தொடக்கத்திலேயே கண்டறிவது பற்றி இந்தப் பகுதியில் முன்பு எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் கணிசமானவை, தொடக்க நிலையைத் தாண்டிவிட்ட பெண்களும் அவர்கள் வீட்டாரும் எழுதியவை. ‘சீக்கிரம் கண்டுபிடித்தால் பிழைக்கலாம் என்கிறீர்கள். எங்களைப் போன்றவர்கள் என்ன செய்வது?’ என்று ஒருவர் ஒற்றை வரியில் கேட்டிருந்தார். நியாயமான கோபம். ஆகவே இம்முறை பக்கம் முழுவதும் அவர்களுக்கே. அடையாளங்களை நீக்கி, கடிதங்களைச் சற்றுச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: எனக்கு வயது 53. பள்ளி ஆசிரியை. ஆறு ஆண்டுகளுக்கு முன் இடது மார்பில் கட்டி வந்து ஆபரேஷன், கீமோ, கரண்ட் (கதிர்வீச்சு) எல்லாம் முடித்தபோது ‘ஜெயித்துவிட்டாய்’ என்று ஊரே பாராட்டியது. அக்டோபர் மாத விழிப்புணர்வுக் கூட்டத்தில் என்னை மேடையேற்றிப் பேசவும் வைத்தார்கள். சென்ற ஆண்டு முதுகுவலி என்று போனபோது, எலும்பிலும் நுரையீரலிலும் பரவியிருப்பதாக பெட் ஸ்கேனில் தெரிந்தது. இப்போது தினமும் மாத்திரை, மாதம் ஓர் ஊசி. முடி உதிரவில்லை, பார்ப்பவர்களுக்கு எனக்கு ஒன்றும் இல்லாததுபோல் தெரியும். ‘மருந்து எப்போது முடியும்?’ என்று சக ஆசிரியைகள் கேட்கிறார்கள். முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை. கணவர் நல்லவர்தான், ஆனால் பேச்சை எடுத்தாலே ‘நெகட்டிவாகப் பேசாதே’ என்று எழுந்துபோய்விடுகிறார். அம்மாவிடம் சொன்னால் அழுகிறார். முன்பு என்னோடு சிகிச்சை பெற்றுக் குணமான தோழிகளின் வாட்ஸ்அப் குழுவில் இதைச் சொன்னேன். நாற்பது கைகூப்பும் படங்கள் வந்தன. அதன்பிறகு ஒருவர்கூட என்னைத் தனியாக அழைக்கவில்லை. எனக்கு ஆறுதல் வேண்டாம். பேச ஓர் ஆள் வேண்டும். எங்கே தேடுவது?

பதில்: அந்த நாற்பது கைகூப்பும் படங்களைத் தாண்டி மேலே படிக்கச் சற்று நேரம் பிடித்தது. அந்தத் தோழிகள் கல்நெஞ்சக்காரர்கள் அல்லர். ஒவ்வொரு பரிசோதனைக்கும் முந்திய இரவில் தங்களுக்கு எது வந்துவிடக் கூடாது என்று அவர்கள் அஞ்சுகிறார்களோ, அது உங்களுக்கு வந்திருக்கிறது. உங்களோடு பேச அஞ்சுவதைவிடத் தங்கள் பயத்தோடு பேசவே அவர்கள் அஞ்சுகிறார்கள். அவர்கள்மீது கோபம் வேண்டாம். ஆனால் இப்போது உங்களுக்கு வேண்டிய துணை அந்தக் குழுவில் இல்லை என்பதை ஏற்றுக்கொண்டு, வேறு இடத்தில் தேடத் தொடங்குங்கள்.

தேடுவதற்கு முன், ‘ஜெயித்துவிட்டாய்’ என்ற சொல்லை ஓரமாக வைத்துவிட வேண்டும். அன்று ஜெயித்தீர்கள் என்றால் இன்று தோற்றீர்கள் என்றாகிவிடும். அப்படி எதுவும் நடக்கவில்லை. முதல் கட்டியிலிருந்து எப்போதோ பிரிந்துபோன சில செல்கள், எல்லாச் சிகிச்சையும் முறையாக முடிந்த பிறகும் எலும்பிலோ நுரையீரலிலோ ஈரலிலோ அடங்கிக் கிடந்து, பல ஆண்டுகள் கழித்து வளரத் தொடங்குவது உண்டு. ஹார்மோனைச் சார்ந்து வளரும் வகையில் பத்து, பதினைந்து ஆண்டுகளுக்குப் பிறகும் இது நிகழ்கிறது. நீங்கள் எதையோ சாப்பிட்டதாலோ, அதிகம் கவலைப்பட்டதாலோ இது திரும்பி வந்துவிடவில்லை.

இப்படி வேறு உறுப்புகளுக்குப் பரவிய நான்காம் நிலையில் மருத்துவர்களின் குறிக்கோள் பெரும்பாலும் நோயை வேரோடு அகற்றுவதன்று. அதை அடக்கிவைத்து, ஆயுளை நீட்டி, அந்த ஆயுளை வேதனை குறைந்ததாக வைத்திருப்பதே. உங்கள் மருந்து முறையைப் பார்த்தால் ஹார்மோன் ஏற்பி உள்ள வகை, அதாவது ஹார்மோனைச் சார்ந்து வளரும் வகை என்று ஊகிக்கிறேன். உங்கள் மருத்துவரிடம் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். மாதவிடாய் நின்ற பெண்களில் இந்த வகைக்கு லெட்ரோசோல் என்ற ஹார்மோன் தடுப்பு மாத்திரையுடன், புற்றுச் செல்கள் பெருகுவதைத் தடுக்கும் ரைபோசிக்லிப் மாத்திரையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்த மோனலீசா-2 என்ற பன்னாட்டு ஆய்வின் ஆயுள் கணக்கு 2022-இல் வெளியானது. இரண்டையும் சேர்த்து எடுத்துக்கொண்டவர்களில் பாதிப் பேர் ஏறத்தாழ 64 மாதங்களுக்கு மேல் வாழ்ந்தார்கள். லெட்ரோசோல் மட்டும் எடுத்தவர்களுக்கு அந்தக் கணக்கு 51 மாதங்கள். இது ஒரு கூட்டத்தின் கணக்கு. உங்கள் ஒருவரின் ஆயுளை இதை வைத்து அளக்க முடியாது. ஆயினும் இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. முதல் முறை நோய் வந்தபோது ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு வந்து பார்த்துவிட்டுப் போனார்களே, அந்த வகைத் துணை ஆறு மாதச் சிகிச்சைக்குப் போதும். ஆண்டுக்கணக்கில் நீளும் சிகிச்சைக்கு அது காணாது. யாரும் வேண்டுமென்று விலகுவதில்லை; வழக்கமான உபசாரம் தீர்ந்துபோகிறது, அவ்வளவுதான்.

உங்களைப் போன்ற பெண்கள் ஒன்றாக உட்கார்ந்து பேசினால் என்ன ஆகும் என்பதை மருத்துவ உலகம் சோதித்தே பார்த்திருக்கிறது. அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மனநல மருத்துவர் டேவிட் ஸ்பீகலும் அவருடைய சகாக்களும், பரவிய மார்பகப் புற்றுநோய் கொண்ட 86 பெண்களை ஆய்வில் சேர்த்து, அவர்களில் ஒரு பிரிவினரை வாரம் ஒருமுறை ஒன்றரை மணி நேரம், ஓராண்டு காலம் கூடிப் பேசவைத்தார்கள். சாவைப் பற்றி, வலியைப் பற்றி, பிள்ளைகளைப் பற்றி, எதையும் மறைக்காமல் பேசினார்கள். பேசியவர்கள் மற்றவர்களைவிடச் சராசரியாக 18 மாதங்கள் கூடுதலாக வாழ்ந்தார்கள் என்று 1989-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த முடிவு உலகத்தையே திரும்பிப் பார்க்கவைத்தது. பிறகு கனடாவில் 235 பெண்களை வைத்துச் செய்த பெரிய ஆய்வு 2001-இல் வெளியானபோது, ஆயுள் நீளவில்லை என்று தெரிந்தது. ஸ்பீகல் குழுவினரே திரும்பச் செய்து 2007-இல் வெளியிட்ட ஆய்விலும் மொத்தத்தில் நீளவில்லை. ஆனால் கனடா ஆய்வில், பேசிய பெண்களுக்கு, அதிலும் முன்பே மிகவும் மனம் தளர்ந்திருந்தவர்களுக்கு, மனவேதனையும் வலியும் குறைந்திருந்தன.

பலருக்கு இது ஏமாற்றம். எனக்கோ இந்த இரண்டாவது முடிவுதான் ஆறுதல். மனத்தைத் தெம்பாக வைத்துக்கொண்டால்தான் உயிர் நிற்கும் என்ற பாரத்தை இது பெண்களின் தலையிலிருந்து இறக்கிவைக்கிறது. நீங்கள் அழுவதாலோ, ‘எனக்குப் பயமாக இருக்கிறது’ என்று சொல்வதாலோ கட்டி வளர்ந்துவிடாது. பேசினால் மனம் லேசாகும். ‘நெகட்டிவாகப் பேசாதே’ என்பதற்கு மருத்துவ ஆதாரம் ஏதும் இல்லை. கணவரிடம் இந்தப் பத்தியை மட்டுமாவது படிக்கக் கொடுங்கள்.

இனி, ஆள் எங்கே கிடைப்பார் என்ற உங்கள் கேள்விக்கு வருகிறேன். மாதந்தோறும் ஊசிக்குப் போகிறீர்களே, அந்தக் கூடத்திலேயே கிடைப்பார். ஓரிரு மாதம் சிகிச்சைக்கு வந்து போகிறவர்களுக்கு நடுவே, செவிலியர் பெயர் சொல்லி வரவேற்கிற சிலரும் இருப்பார்கள். நீண்ட காலமாக வருகிறவர்கள் அவர்கள்தாம். பொறுப்புச் செவிலியரிடம், ‘என்னைப் போலவே பரவிய நிலையில் மருந்து எடுக்கிற ஒருவரிடம் பேச விரும்புகிறேன், அவருக்குச் சம்மதமா என்று கேட்டுச் சொல்லுங்கள்’ என்று கேளுங்கள். நான் வேலை பார்த்த ஒரு மருத்துவமனையில் செவ்வாய்க்கிழமை வரிசையில் இப்படி மூன்று பெண்கள் சேர்ந்தார்கள். ஒருவர் மீன் விற்பவர், ஒருவர் வங்கியில் காசாளர், மூன்றாமவர் வீட்டில் இருப்பவர். ஊசிக்கு முந்திய நாள் காலையில் மூவருக்குள்ளும் ஒரே செய்திதான் போகும்: ‘கவுண்ட் எவ்வளவு?’ இரத்தத்தில் வெள்ளணு எண்ணிக்கை குறைந்தவருக்கு அடுத்த நாள் ஊசி இல்லை என்பதால், மற்ற இருவரில் ஒருவர் அன்று மாலை அவரைத் தொலைபேசியில் அழைத்துவிடுவார். தங்களுக்குள் ஒரு விதியும் வைத்திருந்தார்கள். ‘எல்லாம் சரியாகிவிடும்’ என்று யார் சொன்னாலும் பத்து ரூபாய் அபராதம். அந்தக் காசில் கேன்டீன் தேநீர். ஒருமுறை தெரியாமல் அந்த வாக்கியத்தைச் சொல்லி நானும் பத்து ரூபாய் கட்டினேன்.

பெரிய புற்றுநோய் மருத்துவமனைகளில் மருத்துவ சமூகப் பணியாளரோ உளவியல் பிரிவோ இருக்கும். சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் இதற்கென்றே தனித்துறை இயங்குகிறது. மருத்துவர் தாமாக அனுப்பிவைப்பார் என்று காத்திருக்காமல், நீங்களே கேட்டு வாங்க வேண்டிய சேவை இது. வெளியே போக முடியாத நாளில், தமிழிலேயே பேசக்கூடிய 14416 என்ற அரசு மனநல உதவி எண் இருக்கிறது. இரண்டு வாரத்திற்கு மேல் தூக்கமும் பசியும் கெட்டு, எதிலும் நாட்டமில்லாமல் போனால் மனநல மருத்துவரைப் பாருங்கள். பார்க்கும்போது புற்றுநோய் மருந்துச் சீட்டையும் காட்டுங்கள். ரைபோசிக்லிப் எடுப்பவர்களுக்கும் டாமாக்சிஃபென் என்ற ஹார்மோன் தடுப்பு மாத்திரை எடுப்பவர்களுக்கும் சில மனச்சோர்வு மாத்திரைகள் ஒத்துவருவதில்லை.

கணவர் எழுந்து போவது உங்கள்மேல் அக்கறை இல்லாததால் அன்று. தமக்குப் பதில் தெரியாததால். ஞாயிற்றுக்கிழமை காபி நேரத்தில் பதினைந்து நிமிடம் மட்டும் ஒதுக்கித் தரும்படி அவரிடம் கேளுங்கள். ‘நீங்கள் பதில் சொல்ல வேண்டாம், கேட்டால் போதும்’ என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். பதில் சொல்லும் கடமையிலிருந்து விடுவித்துவிட்டால் பல ஆண்கள் உட்காருவதை நான் பார்த்திருக்கிறேன். பள்ளியில் கேட்பவர்களுக்கு, ‘சர்க்கரைக்குப் போல இதற்கும் தொடர்ந்து எடுக்க வேண்டிய மருந்து’ என்ற ஒரு வாக்கியம் போதும். அதற்கு மேல் விளக்கும் கடமை உங்களுக்கு இல்லை.

கேள்வி: என் அம்மாவுக்கு 68 வயது. மார்பில் புண்ணாகும்வரை யாரிடமும் சொல்லாமல் இருந்துவிட்டார். ஈரலில் பரவிவிட்டதாக மருத்துவர் கூறுகிறார். ‘கட்டியில் சீழ் வைத்திருக்கிறது’ என்று சொல்லித்தான் கீமோ கொடுத்துவருகிறோம். உண்மை தெரிந்தால் மனம் விட்டுப்போய்ச் சீக்கிரம் போய்ச் சேர்ந்துவிடுவார் என்று மாமா அஞ்சுகிறார். சொல்லலாமா, வேண்டாமா?

பதில்: உங்கள் அம்மாவுக்கு ஏற்கனவே தெரிந்திருக்கும் என்றே நினைக்கிறேன். சீழ் வைத்த கட்டிக்கு மூன்று வாரத்திற்கு ஒருமுறை பாட்டில் ஏற்றுவார்களா, பக்கத்துக் கட்டிலில் இருப்பவருக்கு ஏன் தலையில் முடி இல்லை என்றெல்லாம் அறுபத்தெட்டு வயது மனுஷி யோசிக்காமல் இருப்பாரா?

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பாட்டி, மகன் மருந்து வாங்கப் போன நேரத்தில், என் கையைப் பிடித்து, ‘எனக்கு விஷயம் தெரியும்னு பயகிட்ட சொல்லிராதீங்க, அவன் தாங்க மாட்டான்’ என்றார். எப்படித் தெரியும் என்று கேட்டேன். தொண்ணூறுகளில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்க வகுப்பில் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றவராம். வார்டு வாசல் பலகையை வந்த முதல் நாளே, ‘புற்… று… நோய்’ என்று கூட்டிப் படித்துவிட்டிருக்கிறார். நான்கு மாதங்களாக அம்மாவும் மகனும் ஒருவரை ஒருவர் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு, ஒரே அறையில் தனித்தனியாக அழுதுகொண்டிருந்தார்கள்.

மறைப்பதில் இருக்கும் உண்மையான கெடுதல் இதுதான்: நோயாளிக்கு யாரிடமும் பேச முடியாமல் போகிறது. ‘வீட்டில் கலவரப்படுவார்கள்’ என்று வலியையும் மறைக்கிறார். மருந்து தொடர வேண்டுமா, நிறுத்தலாமா என்ற முடிவு வரும்போது, யாருடைய உடம்போ அவருடைய குரல் மட்டும் அங்கே இருக்காது. நிலத்தையோ நகையையோ யாருக்குக் கொடுக்க வேண்டும், யாரை ஒருமுறை பார்க்க வேண்டும் என்பதை அவர் சொல்லவும் வழியில்லை.

அதற்காக இன்று மாலையே போய் எல்லாவற்றையும் கொட்டிவிட வேண்டாம். எல்லாம் தெரிந்துகொள்ள எல்லாரும் விரும்புவதில்லை. தெரிந்துகொள்ளாமல் இருப்பதும் அவருடைய உரிமை. முதலில் கேளுங்கள். ‘அம்மா, உடம்பைப் பற்றி டாக்டர் சொல்வதையெல்லாம் உங்களிடம் சொல்லட்டுமா, அல்லது நாங்களே பார்த்துக்கொள்ளட்டுமா?’ அவர் ‘நீயே பார்த்துக்கோ’ என்றால் அத்துடன் நிறுத்துங்கள். ஒரு மாதம் கழித்து மறுபடியும் கேளுங்கள். ‘என்ன சொன்னார்?’ என்று கேட்டால், கேட்ட அளவுக்கு மட்டும் சொல்லுங்கள். ‘இது கேன்சர் கட்டிதான். முழுசாகப் போக்க முடியாது. அடக்கிவைக்க மருந்து இருக்கிறது. வலி வராமல் பார்த்துக்கொள்வார்கள். நான் கூடவே இருப்பேன்.’ இந்த ஐந்து வாக்கியங்களுக்குப் பிறகு பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்திருங்கள். எத்தனை மாதம் என்ற கணக்கை அவர் கேட்காமல் நீங்கள் எடுக்காதீர்கள். இதைச் சொல்ல வேண்டியவர் அம்மா அதிகம் நம்பும் பிள்ளை, மாமா அன்று. மாமாவின் பயத்தைத் தனியாகக் கவனித்துக்கொள்ளலாம்.

கேள்வி: மருமகளுக்கு மார்பகப் புற்றுநோய் முற்றிய நிலை. தட்டு, டம்ளரைத் தனியாக வைக்கச் சொல்கிறார்கள் உறவினர்கள். கீமோவோடு நாட்டு மருந்தும் கொடுக்கலாமா?

பதில்: புற்றுநோய் ஒட்டுவாரொட்டி நோய் அன்று. தட்டைத் தனியாக வைத்தால் மருமகளின் மனம்தான் தனியாகிப்போகும். ஒரே பந்தியில் உட்காருங்கள். கீமோ மருந்து ஏற்றிய பிறகு இரண்டு நாட்கள் கழிப்பறையில் தண்ணீரை இருமுறை ஊற்றுவதும், அவருடைய கீமோ மாத்திரைகளைக் கர்ப்பிணிகள் கையால் தொடாமல் இருப்பதும் மருந்துக்காகச் சொல்லப்படும் கவனங்கள், நோய்க்காக அல்ல. நாட்டு மருந்தை மருத்துவரிடம் சொல்லாமல் கொடுக்காதீர்கள். பொடியோ லேகியமோ டப்பாவோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். இயற்கையானது என்பதாலேயே எதுவும் மருந்தோடு மோதாது என்றில்லை. பம்பளிமாஸ் இனத்துப் பழங்கள்கூட பால்போசிக்லிப், ரைபோசிக்லிப் போன்ற புற்றுநோய் மாத்திரைகளின் அளவை இரத்தத்தில் ஏற்றிவிடும். ஆள் ஆளுக்கு ஒரு மருந்து சொல்வார்கள். சொல்பவர் யாரும் பின்விளைவுக்கு வந்து நிற்பதில்லை.

கேள்வி: நான் ஆட்டோ ஓட்டுகிறேன். தென்மாவட்டத்திலிருந்து மனைவியைச் சிகிச்சைக்காக மாதாமாதம் சென்னைக்கு அழைத்துப் போகிறேன். இரண்டு நாள் வருமானமும் போய், டிக்கெட் செலவும் ஆகிறது. மாத்திரை விலையும் தாங்கவில்லை. ஏதாவது வழி உண்டா?

பதில்: மூன்று வழிகள் உடனே தெரிகின்றன. முதலாவது, முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால், ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை அதில் சிகிச்சை பெறலாம். அட்டை இல்லையென்றால் கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று வாங்கி, குடும்ப அட்டையோடு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டுத் திட்ட மையத்திற்குப் போங்கள். அட்டை இருந்தும் பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. மருந்தை மாற்றும்போது புதிய மருந்து திட்டத்துக்குள் வருகிறதா என்று கேட்காமல் தொடங்கிவிடுகிறார்கள். ஒவ்வொரு மாற்றத்தின்போதும் மருத்துவமனையின் காப்பீட்டு மேசையில் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

இரண்டாவது, மருந்தின் பெயர். பால்போசிக்லிப் மாத்திரையின் காப்புரிமை இந்தியாவில் 2023 ஜனவரியில் முடிந்தது. அதன்பிறகு இந்திய நிறுவனங்களின் தயாரிப்புகள் வந்து விலை வெகுவாக இறங்கியிருக்கிறது. ஹெர்-2 என்ற புரதம் மிகுந்த வகைக்குக் கொடுக்கும் டிராஸ்டுசுமாப் ஊசிக்கும் உள்நாட்டு மாற்று உண்டு. ‘இதே மருந்தில் விலை குறைந்தது இருக்கிறதா, டாக்டர்?’ என்று கேட்பதில் கூச்சப்பட ஏதுமில்லை. கேட்காமல் இருந்துவிட்டு, காசில்லாத மாதம் மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள் கொடுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன்; அதுதான் ஆபத்து.

மூன்றாவது, பயணம். சிகிச்சைக்குப் போகும் புற்றுநோயாளிக்கு ரயிலில் ஸ்லீப்பர், மூன்றாம் ஏசி வகுப்புகளில் கட்டணம் முழுவதும் தள்ளுபடி. உடன் செல்லும் ஒருவருக்கு 75 சதவீதம். மருத்துவமனையில் அதற்குரிய படிவத்தில் சான்று வாங்க வேண்டும். ஆனால் டிக்கெட்டைக் குறைப்பதைவிடப் பயணத்தைக் குறைக்க முடியுமா என்று முதலில் பாருங்கள். சிகிச்சை முறையைச் சென்னையில் தீர்மானித்துவிட்டு, மாத ஊசியையும் இரத்தப் பரிசோதனையையும் உங்களுக்கு அருகிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் செய்துகொண்டு, மூன்று மாதத்திற்கு ஒருமுறை ஸ்கேனுக்கு மட்டும் சென்னை வரலாமா என்று கேளுங்கள். பலருக்கு இது சாத்தியம்; யாரும் கேட்காததால் யாரும் சொல்வதில்லை.

கேள்வி: மனைவிக்கு எலும்பு முழுக்கப் பரவியிருக்கிறது. போன வாரம் மருத்துவர், ‘வலி தணிப்புப் பிரிவிலும் ஒருமுறை காட்டுங்கள்’ என்றார். கைவிட்டுவிட்டார் என்றுதானே அர்த்தம்? மார்ஃபின் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அடிமையாகிவிடுவாளோ என்று பயந்து இன்னும் கொடுக்கவில்லை. பங்குனி உத்திரத்துக்குக் குலதெய்வம் கோயிலுக்குப் போக வேண்டும் என்கிறாள். ஊசித் தேதி அதே நாளில் வருகிறது. எனக்கும் இப்போதெல்லாம் இரவில் தூக்கமில்லை.

பதில்: கடைசி வாக்கியத்தைப் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள், அதற்கும் பதில் வரும்.

மார்ஃபினை இன்றே கொடுக்கத் தொடங்குங்கள். வலிக்காக மருத்துவர் அளவு பார்த்துக் கொடுக்கும் மாத்திரையால் புற்றுநோயாளிகள் போதைக்கு அடிமையாவது அரிது. நிச்சயமாக வருவது மலச்சிக்கல். ஆகவே அதற்கான மருந்தையும் முதல் நாளிலிருந்தே சேர்த்துக் கொடுங்கள். எழுதித் தரவில்லை என்றால் கேட்டு வாங்குங்கள். முதல் சில நாட்கள் குமட்டலும் தூக்கக் கலக்கமும் இருக்கலாம், பிறகு குறையும். நீங்களாக அளவைக் கூட்டவோ சட்டென்று நிறுத்தவோ வேண்டாம். ஓரிடத்தில் மட்டும் எலும்பு வலி கடுமையாக இருந்தால், ஒரே ஒரு நாள் கரண்ட் வைத்தாலே பலருக்கு அது நன்றாகத் தணியும், அதையும் கேளுங்கள்.

வலி தணிப்புப் பிரிவு கைவிடப்பட்டவர்கள் போய்ச் சேரும் இடம் என்ற எண்ணம் நம் ஊரில் வேரூன்றியிருக்கிறது. அமெரிக்காவில் முற்றிய நுரையீரல் புற்றுநோயாளிகளிடம் செய்து 2010-இல் வெளியிட்ட ஆய்வில், வழக்கமான சிகிச்சையோடு தொடக்கத்திலிருந்தே இந்தப் பிரிவின் கவனிப்பும் பெற்றவர்கள் மனச்சோர்வு குறைந்து இருந்தார்கள். மற்றவர்களைவிட ஏறக்குறைய இரண்டரை மாதங்கள் அதிகமாகவும் வாழ்ந்தார்கள். கீமோ நடக்கும்போதே இங்கேயும் போய் வரலாம். நடமாட முடியாத நாட்களுக்கு, 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் செவிலியரும் இயன்முறை மருத்துவரும் வீட்டுக்கே வருகிறார்கள். உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் மனைவியின் பெயரைப் பதிவுசெய்யுங்கள்.

இரண்டு விஷயங்களில் மட்டும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். கீமோவோ, வெள்ளணுவைக் குறைக்கும் மாத்திரையோ எடுக்கும்போது காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால், வீட்டில் மாத்திரை போட்டுப் பார்க்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். முதுகுத்தண்டில் பரவியவர்களுக்கு, வலி திடீரெனக் கூடி, கால்கள் தளர்ந்தாலோ மரத்துப்போனாலோ, சிறுநீரும் மலமும் கட்டுக்குள் இல்லாமல் போனாலோ, தண்டுவடம் அழுந்துகிறது என்று பொருள். சில மணி நேரத் தாமதம்கூட நடையைப் பறித்துவிடும். எலும்புக்குப் போடும் ஊசி ஜோலெட்ரோனிக் அமிலமாக இருந்தால், பல் பிடுங்குவதற்கு முன் புற்றுநோய் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். தாடை எலும்பு கெட்டுப்போகும் வாய்ப்பு உண்டு.

உங்கள் தூக்கம். அட்டெண்டராக இருப்பவரை யாரும் நோயாளியாகப் பார்ப்பதில்லை. ‘ஏதாவது வேண்டுமென்றால் சொல்லுங்கள்’ என்று சொல்லிவிட்டுப் போன நான்கு பேரின் பெயரை ஒரு தாளில் எழுதுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஒரே ஒரு வேலை: புதன்கிழமை இரவுச் சாப்பாடு, பிள்ளையை டியூஷனிலிருந்து அழைத்து வருவது, மாதம் ஒருநாள் மருத்துவமனைக்குக் கூட வருவது, சனிக்கிழமை இரவு வீட்டில் வந்து படுத்துக்கொள்வது. பிறகு அவர்களை அழைத்து அந்த வேலையை மட்டும் கேளுங்கள். ‘உதவி செய்யுங்கள்’ என்றால் தயங்குகிறவர்கள், ‘புதன்கிழமை சப்பாத்தி’ என்றால் மறுப்பதில்லை. சனிக்கிழமை இரவு நீங்கள் வேறு அறையில் படுத்துத் தூங்குங்கள். அதன் பிறகும் தூக்கம் வரவில்லை என்றால் மருத்துவரைப் பாருங்கள், 14416 உங்களுக்கும்தான்.

பங்குனி உத்திரத்துக்குப் போய் வாருங்கள். எலும்புக்கான ஊசியானாலும் கீமோவானாலும் சில நாட்கள் முன்பின்னாக மாற்றித் தர முடியுமா என்று இப்போதே தேதியைச் சொல்லிக் கேளுங்கள். முன்கூட்டிக் கேட்டால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். நாற்காலி போடத் தோதாகக் கூட்டம் குறைந்த நேரத்தில் தரிசனத்தை வைத்துக்கொள்ளுங்கள். மேடுபள்ளமான பாதையில் வண்டி குலுங்கினால் எலும்புக்கு ஆகாது. முதுகுக்கு ஒரு தலையணை வையுங்கள், ஓட்டுநரிடம் மெதுவாகப் போகச் சொல்லுங்கள். பையில் தெர்மாமீட்டர், இரண்டு நாளுக்கான மார்ஃபின், அதற்கான மருந்துச் சீட்டு, கடைசி டிஸ்சார்ஜ் சம்மரியின் நகல், போகும் ஊருக்கு அருகில் இரவில் திறந்திருக்கும் மருத்துவமனையின் எண். பொங்கல் வைக்கும்போது கிளறுவதற்கு மனைவியைக் கூப்பிடுங்கள். புகைக்கு எதிர்ப்பக்கம் நாற்காலியைப் போட்டால் போதும்.